கொழும்புத் துறைமுகத்திலிருந்து கட்டுநாயக்கவுக்கு: இடையில் கிடைக்கும் ஒரு பகலில் எந்தத் தொல்சின்னத்தைப் பார்க்கலாம்?

வெள்ளவத்தை மருமகள்:

அனைவருக்கும் வணக்கம். இந்த வழிகளில் பழகியவர்களின் கருத்தைக் கேட்டு முடிவெடுக்க விரும்புகிறேன்.

ரொறன்ரோவில் வாழும் என் மூத்த மாமாவும் மாமியும், அவர்களுடைய மகன், மருமகள், பேத்தி ஆகியோரும் சிங்கப்பூரில் கப்பலேறி வரும் ஜனவரியில் கொழும்பில் இறங்குகிறார்கள். கப்பல் காலை 6 மணியளவில் துறைமுகத்தை அடையும். அவர்களுடைய விமானம் அன்றிரவு கழிந்து அதிகாலை 1.30க்குக் கட்டுநாயக்கவிலிருந்து புறப்படும். கப்பல் நிறுவனம் ஒழுங்கு செய்யும் பேருந்தில் ஏறினால் முற்பகலிலேயே விமான நிலையத்தில் இறக்கிவிட்டுவிடுவார்கள். எழுபது வயதைக் கடந்த இருவரை நள்ளிரவு வரை பொதிகளோடு அங்கே கதிரையில் இருத்திவைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் அந்தப் பேருந்தை விட்டுவிட்டு, வேன் ஒன்றை அமர்த்தி, வழியில் ஒரு தொல்சின்னத்தையாவது காட்டி, இரவில் விமான நிலையத்தில் சேர்ப்பிக்கலாம் என்று நினைக்கிறேன்.

மாமா 1983இல் நாட்டைவிட்டுப் போனவர். சோழர் கல்வெட்டுகளைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆர்வத்தோடு வாசித்து வருகிறார். ஆனால் பொலன்னறுவையிலுள்ள வானவன்மாதேவி ஈச்சரம் என்ற சோழர் காலச் சிவன் கோயிலை ஒருமுறைகூட நேரில் கண்டதில்லை. அதைப் பார்க்க முடியுமா என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி. அவருடைய மருமகளும் பேத்தியும் சிகிரியாக் குன்றைப் பார்க்க விரும்புகிறார்கள். மாமாவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது. சமதரையில் நடப்பார், படியேறுவது கடினம். மாமியின் வைத்தியசாலைத் திகதி ஒன்று முன்கூட்டியே குறிக்கப்பட்டிருப்பதால் விமானத்தைப் பின்போட வழியில்லை. ஒரு பகலுக்குள் எது முடியும், எது முடியாது என்று தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

கொட்டாஞ்சேனை வழிகாட்டி:

சகோதரி, கப்பலில் வருவோரை அழைத்துச் செல்வது என் தொழில் என்பதால் நேரக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். கப்பல் 6 மணிக்குக் கட்டப்படுவதற்கும் உங்கள் மாமா வேனில் அமர்வதற்கும் இடையில் பல படிகள் இருக்கின்றன. கப்பலுக்கு அதிகாரிகளின் அனுமதி கிடைக்க வேண்டும். பயணத்தை முடித்துக்கொண்டு இறங்குவோரைப் பொதிகளில் கட்டிய வர்ணப் பட்டியின்படி பகுதி பகுதியாகவே இறக்குவார்கள். இறங்கியபின் குடிவரவு, சுங்கம். எனவே 8.30க்கு வேன் நகரும் என்று கணக்கிடுங்கள். அதற்கு முந்தினால் அது உங்கள் கையிருப்பு. முதல் நாள் இரவில் பொதிகளை அறைக்கு வெளியே வைத்துவிடாமல் தாங்களே தூக்கிக்கொண்டு இறங்க இசைபவர்களைப் பெரும்பாலான கப்பல்களில் முதலில் இறங்க விடுவார்கள். உங்கள் மச்சான் உடனிருப்பதால் அது முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். கப்பலிலேயே திரும்பிப் போகும் பயணி, கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போய்த் தாமதித்தால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். உங்கள் மாமாவோ கப்பலை விட்டு இறங்குகிறவர். அவருக்காகக் காத்திருக்க யாரும் இல்லை. ஆகவே பகலை விமான நிலையத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். விமானம் 1.30க்கு என்றால் 10.30க்கு வாசலில் நிற்க வேண்டும். இடையூறுகளுக்காக இரண்டு மணித்தியாலத்தை ஒதுக்கினால், 8.30க்குக் கட்டுநாயக்கவை அடைவதாகவே திட்டம் இருக்க வேண்டும். காலை 8.30 முதல் இரவு 8.30 வரை பன்னிரண்டு மணித்தியாலம். உங்களிடம் உள்ளது அவ்வளவுதான்.

அதில் சிகிரியா அடங்கும். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீற்றர். பேலியகொடையில் அதிவேக நெடுஞ்சாலையில் ஏறிக் கட்டுநாயக்கவில் இறங்கி, மினுவாங்கொடை, திவுலப்பிட்டி, கிரியுல்ல, நாரம்மல வழியாகக் குருநாகலை அடைந்து, தம்புள்ளை வழியே போனால் நான்கு மணித்தியாலத்துக்குச் சற்று மேலாகும். இந்த வழியின் நன்மை என்னவென்றால், போகும்போதே விமான நிலையத்தைத் தாண்டிப் போகிறீர்கள். திரும்பும்போது கொழும்பு நெரிசலுக்குள் வரவேண்டிய தேவையே இல்லை. ஆனால் நீங்கள் குன்றின் அடிவாரத்தில் நிற்கும் நேரம் நடுப்பகலாக இருக்கும். ஏறத்தாழ 1,200 படிகள். ஓவியங்களைப் பார்க்க இரும்புச் சுழல் படியில் வேறு ஏறி இறங்க வேண்டும். படிவழியிலுள்ள சிங்கப் பாதச் சிற்பங்களுக்கு மேலே நிழல் என்பதே இல்லை. இளையவர்கள் ஏறி இறங்க இரண்டு மணித்தியாலம் போதும். மாமாவுக்கு அது சரிவராது. அவர் அடிவாரத்து நீர்ப்பூங்காவில் நடக்கலாம், அங்குள்ள அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். அவ்வளவுதான்.

பொலன்னறுவையை நான் பரிந்துரைக்கமாட்டேன். போக ஐந்து மணித்தியாலத்துக்கும் மேல், வர ஐந்து. தாளில் எழுதிப் பார்த்தால் நடுவில் இரண்டு மணித்தியாலம் மிஞ்சுவதுபோல் தோன்றும். ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை அந்தப் பக்கத்தில் இன்னும் முற்றாக ஓய்ந்திருக்காது. ஹபரணைக்கும் பொலன்னறுவைக்கும் இடையிலுள்ள வீதி மின்னேரிய வனத்தை ஒட்டிப் போகிறது; மாலையில் யானைகள் வீதிக்கு வந்தால் அவை விலகும் வரை வாகனங்கள் நின்றுதான் ஆக வேண்டும்.

மட்டக்களப்பு வாவி:

வழிகாட்டி அவர்களின் கணக்கை மதிக்கிறேன். ஆனால் முடிவை ஏற்க முடியவில்லை. சகோதரியின் மாமா சிகிரியாவைக் கேட்கவில்லை. நாற்பது ஆண்டுகளாக வாசித்த ஒரு கோயிலைக் கேட்டிருக்கிறார். எழுபதைக் கடந்தவரிடம் அடுத்த முறை பார்க்கலாம் என்று சொல்வது எளிது. அந்த அடுத்த முறையை யார் அவருக்கு உறுதியளிக்கப் போகிறார்கள்?

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் பொலன்னறுவை வழியாகவே போய்வருகிறவன் என்பதால் அந்த இடத்தின் தன்மையைச் சொல்கிறேன். பழைய நகரம் பெரும்பாலும் சமதரை. வாகனத்தைக் கோயிலுக்கு அருகிலேயே நிறுத்தலாம். தொல்லியலாளர் இரண்டாம் சிவ தேவாலயம் என்று குறிக்கும் அந்தக் கோயில்தான் வானவன்மாதேவி ஈச்சரம். இராஜராஜனின் தேவியின் பெயரைத் தாங்கியது. முழுவதும் கல்லால் ஆனது. பொலன்னறுவையில் இன்று நிற்கும் கட்டடங்களுள் மிகப் பழையது என்று கொள்ளப்படுகிறது. செங்கல் விகாரைகள் பலவும் கூரையிழந்து நிற்கும் நகரத்தில் இந்தச் சிறு கோயில் விமானத்தோடும் சிகரத்தோடும் நிற்கிறது. சோழர் இந்நகரை ஜனநாதமங்கலம் என்று அழைத்து ஆண்டு, 1070இல் முதலாம் விஜயபாகுவிடம் இழந்தபின்னும் அந்தக் கோயிலை யாரும் பெயர்க்கவில்லை. சுவரில் சோழ மன்னன் அதிராஜேந்திரன் காலத்துத் தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. தெற்கே வந்தால் அடதாகே என்னும் பழைய தந்தக் கோயிலின் அருகில் வேளைக்காரப் படையினரின் தமிழ்க் கல்வெட்டு நிற்கிறது; புத்தரின் தந்தத்தைக் காக்கும் பொறுப்பைத் தமிழ்ப் படைவீரர் ஏற்ற செய்தி அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கல்வெட்டு வாசிக்கத் தெரிந்த ஒருவருக்கு இந்த இரண்டையும் பார்க்க ஒன்றரை மணித்தியாலம் போதும். பாறையில் செதுக்கிய புத்தர் சிலைகளுள்ள கல்விகாரையையும் பராக்கிரம சமுத்திரம் என்ற பெருங்குளத்தையும் விட்டுவிடலாம்.

8 மணிக்குப் புறப்பட்டு, மதிய உணவைக் கட்டிக்கொண்டு, குருநாகலில் ஒருமுறை மட்டும் நின்றால் 1.30க்குள் அங்கே நிற்பார்கள். 3.15க்குத் திரும்பினால் 8.30க்குக் கட்டுநாயக்க. மின்னேரியப் பகுதியை நான்கு மணிக்கு முன் கடந்துவிடலாம்.

வெள்ளவத்தை மருமகள்:

இருவருக்கும் நன்றி. வாவி அவர்கள் எழுதியதை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். தொலைபேசியில் நெடுநேரம் பேசாமலிருந்து, மாமியின் உடல்நிலைக்குப் பத்து மணித்தியாலம் வேனில் இருப்பது சரியா என்று என்னைக் கேட்டார். மாமிக்கு முதுகுவலி உண்டு. அதையும் கருத்தில் எடுத்துச் சொல்லுங்கள்.

தெஹிவளை ஆசிரியர்:

தங்கச்சி, நான் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். உங்கள் மாமாவின் விருப்பத்தைப் புரிந்துகொள்கிறேன். அதனாலேயே ஒரு வேறு வழியைச் சொல்லத் துணிகிறேன். பொலன்னறுவையின் பெரும் பகுதி பொலன்னறுவையில் இல்லை. கொழும்பில், துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் தூரத்தில், கறுவாத்தோட்டத்துத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1907, 1908ஆம் ஆண்டுகளில் தொல்லியல் ஆணையாளர் பெல்லின் காலத்தில் பொலன்னறுவைச் சிவாலயங்களில் நடந்த அகழ்வுகளில் வெண்கலத் திருமேனிகள் வெளிப்பட்டன. நடராசர், சிவகாமியம்மை, சுந்தரமூர்த்தி நாயனார், காரைக்காலம்மையார் முதலிய அந்தத் திருமேனிகள் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டன. சேர் பொன்னம்பலம் அருணாசலமும் ஆனந்த குமாரசுவாமியும் அவற்றைப் பற்றி விரிவாக எழுதியபோதுதான் உலகம் அவற்றைத் திரும்பிப் பார்த்தது. உங்கள் மாமா அந்த எழுத்துகளை நிச்சயம் வாசித்திருப்பார். அந்தக் கோயில்களில் எஞ்சியிருப்பது கட்டடம் மட்டுமே; அங்கே வழிபடப்பட்ட திருமேனிகள் இங்கே இருக்கின்றன. எலும்பும் தோலுமாய் அமர்ந்து கையில் தாளத்தோடு பாடுகின்ற காரைக்காலம்மையாரின் முன் நின்றவர்கள் அதை மறப்பதில்லை. என் மாணவர்களை அழைத்துப் போனபோதெல்லாம், அதுவரை சலசலத்துக்கொண்டிருந்த வகுப்பு அந்த இடத்தில் தானாகவே அடங்கிவிடும். பேயுருவை வேண்டிப் பெற்ற அம்மையின் முகத்தில் அந்தச் சிற்பி எவ்வளவு மகிழ்ச்சியை வைத்திருக்கிறான் என்பதை எந்தப் புகைப்படமும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

கப்பலில் வருகிறவருக்கு அங்கே இன்னொரு பொருளும் உண்டு. காலித் துறையில் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே நிறுத்திய மும்மொழிக் கல்வெட்டு, 1409ஆம் ஆண்டுத் திகதியைக் கொண்டது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் மூன்று காணிக்கைகளை அது பதிவுசெய்கிறது: சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றுகிறது. தேனாவரை என்பது இன்றைய தெவிநுவர, திருமால் கோயில் இருந்த தென்கோடித் துறை. 1911இல் காலியில் இந்தக் கல் கண்டெடுக்கப்பட்டபோது ஒரு மதகில் கிடந்தது. சீனப் பேரரசின் கப்பல்கள் இந்தத் தீவின் துறையில் இறங்கி வணிகரோடும் ஊராரோடும் பேச வேண்டியிருந்தபோது தமிழையும் தேர்ந்தெடுத்தன என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேறில்லை. எழுத்துகள் தேய்ந்திருக்கின்றன, ஆகையால் சற்று நேரம் எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு அவசரமில்லாத ஒரு முற்பகல் வேண்டும்.

அருங்காட்சியகத்தை 1877இல் ஆளுநர் வில்லியம் கிறெகரி தொடங்கினார். கட்டடமே பார்க்கத் தகுந்தது. காலை 9 மணிக்குத் திறப்பார்கள். பொது விடுமுறை நாள் எதுவும் அன்று வருகிறதா என்பதை மட்டும் முன்பே கேட்டறியுங்கள், ஜனவரியில் தைப்பொங்கலும் பௌர்ணமிப் போயா விடுமுறையும் வரும். சிகிரியா ஓவியங்களைப் பெல்லின் காலத்தில் பார்த்து வரைந்த பிரதிகளும் அங்கே உள்ளன. சிகிரியாவுக்குப் போக இயலாதவர் அவற்றைப் பார்க்கலாம்.

வாவி அவர்களுக்கு ஒரு சொல்: நீங்கள் சொல்லும் கோயிலின் முன் நிற்பதற்கு ஈடாக எதுவும் இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. பத்து மணித்தியாலப் பயணத்தின் நடுவில், மணிக்கூட்டைப் பார்த்தபடி, முதுகுவலியோடு காத்திருக்கும் மனைவியை நினைத்தபடி ஒரு கல்வெட்டை வாசிக்க முடியுமா என்பதையே கேட்கிறேன்.

மட்டக்களப்பு வாவி:

ஆசிரியர் ஐயா, மாமியின் முதுகுவலி எனக்கு முன்பு தெரியாது. அது தெரிந்தபின் நான் வற்புறுத்தமாட்டேன். ஆனால் ஒன்றை மட்டும் பதிவுசெய்ய விரும்புகிறேன். அந்தத் திருமேனிகள் கண்ணாடிக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டுப் பின்னர் அவை இருந்த நகரத்தின் வெறுங்கோயில்களைப் பார்ப்பவருக்குத்தான் இரண்டும் முழுமையாகப் புரியும். மாமா கொழும்பில் பார்த்த பிறகு, அவருடைய மகனாவது ஒருநாள் அங்கே போகட்டும்.

சிலாபத்தார்:

முற்பகலை ஆசிரியர் தீர்த்துவிட்டார். பிற்பகலுக்கு நான் சொல்கிறேன். விமான நிலையத்தைத் தாண்டி வடக்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றரில் முன்னேஸ்வரம் என்ற சிவன் தலம் இருக்கிறது. நீர்கொழும்பு வழியாகச் சிலாபம் போகும் வீதி முழுவதும் சமதரை. ஒன்றரை மணித்தியாலப் பயணம். தென்னந்தோப்புகளுக்கு நடுவே போகும் வழி என்பதால் மாமிக்கும் சிரமமிராது.

வடிவாம்பிகை சமேத முன்னைநாதர் கோயில் ஈழத்தின் பழைய ஈச்சரங்களுள் ஒன்று. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் அதை இடித்தார்கள். கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் 1753இல் அதை மீண்டும் எழுப்பித்து நிலங்களும் வழங்கினான். ஆகவே இன்று காணும் கட்டடம் சோழர் காலத்தது அல்ல. அந்த எதிர்பார்ப்போடு மாமா வரக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் கல்வெட்டில் ஈடுபாடுள்ள ஒருவருக்கு இங்கே ஒரு பொருள் காத்திருக்கிறது. கோட்டை இராச்சியத்து அரசன் ஆறாம் பராக்கிரமபாகு 15ஆம் நூற்றாண்டில் இந்தக் கோயிலுக்கு வழங்கிய கொடையைச் சொல்லும் சமஸ்கிருதக் கல்வெட்டு, கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. சிங்கள மன்னன், சிவன் கோயில், சமஸ்கிருத மொழி, தமிழர் வழங்கிய கிரந்த எழுத்து ஆகியவை ஒரே கல்லில் சேர்ந்திருப்பதை உங்கள் மாமா எளிதில் கடந்து போகமாட்டார். அது எங்கே இருக்கிறது என்று கோயிலில் கேட்டால் காட்டுவார்கள்; பூசை நேரத்தில் கேட்காமல் சற்று முன்பாகக் கேளுங்கள்.

நடுப்பகல் பூசைக்குப் பிறகு நடை சாத்திவிடுவார்கள். மாலையில்தான் மீண்டும் திறப்பார்கள். ஆகவே அருங்காட்சியகத்திலிருந்து நேரே இங்கே ஓடிவருவதில் பயனில்லை. கொழும்பிலோ நீர்கொழும்பிலோ உணவருந்தி, மாமியை ஒரு மணித்தியாலம் படுக்க வைத்து, 4.30 அளவில் வந்துசேருங்கள். மாலைப் பூசை பார்த்துவிட்டு 6 மணிக்குப் புறப்பட்டாலும் 8 மணிக்குள் விமான நிலையத்தில் இருப்பீர்கள். பக்கத்திலுள்ள பத்திரகாளி கோயிலுக்குச் சிங்கள மக்கள் பெருமளவில் வருவார்கள். எங்கள் ஊரில் இது நெடுங்காலமாக உள்ள வழக்கம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள்தான் வியந்து பார்ப்பார்கள்.

கொழும்பு பதின்மூன்று:

நேரம் மிஞ்சினால் துறைமுகத்திலிருந்து சில நிமிடத்தில் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும் இருக்கிறது. தொல்சின்னம் என்று சொல்லும் அளவுக்குப் பழையது அல்ல. 19ஆம் நூற்றாண்டில் தொடங்கி, சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லால் கட்டுவித்தது. ஆனால் சோழ பாண்டியக் கட்டட முறை பற்றிப் பேசுகிறவர் அந்தத் தூண்களுக்கிடையில் நடந்து பார்ப்பது நல்லது. அருங்காட்சியகம் திறக்கும் வரை இருக்கும் அரை மணித்தியாலத்துக்குப் பொருத்தமான இடம்.

வெள்ளவத்தை மருமகள்:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு மாமாவோடும் மச்சானோடும் ஒன்றாகப் பேசினேன். மாமா தாமே முடிவு சொல்லிவிட்டார்: கொச்சிக்கடை, அருங்காட்சியகம், மாலையில் முன்னேஸ்வரம். காரைக்காலம்மையார் கொழும்பில் இருப்பது அவருக்குத் தெரியும் என்றாலும், கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் அந்த மண்டபத்துக்குள் போக ஒருநாளும் நேரம் ஒதுக்கவில்லையாம். முன்னேஸ்வரக் கல்வெட்டைப் பற்றிச் சிலாபத்தார் எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். பொலன்னறுவையைப் பற்றி வாவி அவர்கள் எழுதியதைத் தனக்கு அனுப்பச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறார்.

மச்சானும் மனைவியும் மகளும் வேறு காரில் சிகிரியா போக விரும்புகிறார்கள். இரண்டு வாகனமாகப் பிரிந்து போவது புத்திசாலித்தனமா என்பதுதான் எனக்கு எஞ்சியிருக்கும் குழப்பம். மாமா மாமியோடு நான் இருப்பேன்.

கொட்டாஞ்சேனை வழிகாட்டி:

சகோதரி, பிரிந்து போகலாம். சில ஒழுங்குகள் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கப்பலில் கடவுச்சீட்டுகளை வாங்கி வைத்திருந்தால் முதல் நாளே திருப்பிப் பெற்று, ஒவ்வொருவரும் தங்களுடையதைத் தங்கள் கையில் வைத்திருக்கட்டும்; குடும்பம் முழுவதினதையும் மச்சானின் பையில் போட்டுவிடக் கூடாது. பொதிகளும் அவ்வாறே: சிகிரியா போகிறவர்களின் பொதி சிகிரியா காரில், மற்றவை உங்கள் வேனில். ஒரு வாகனம் தாமதித்தாலும் மற்றவர்கள் தங்கள் பாட்டில் விமானம் ஏற முடிய வேண்டும். மாமியின் மருந்துகள் பெரிய பொதிக்குள் போகாமல் கைப்பையில் இருக்க வேண்டும். இலங்கைக்குள் இறங்கும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டாளர்களுக்கு மின்னணுப் பயண அனுமதி தேவை. கப்பலில் வருவதால் அது வேண்டாம் என்று யாரேனும் சொன்னால் நம்பாமல், உத்தியோகபூர்வத் தளத்தில் பார்த்து முன்பே விண்ணப்பியுங்கள்.

சிகிரியா போகிறவர்கள் 1.15க்கு முன் படியேறத் தொடங்கிவிட வேண்டும், 3.30க்குக் காரில் இருக்க வேண்டும். தம்புள்ளைக் குகைக் கோயிலையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று சாரதி ஆசைகாட்டுவார். அது வேறொரு நாளுக்குரியது. தொப்பியும் ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீரும் வேண்டும். காசியப்பன் 5ஆம் நூற்றாண்டில், தந்தை தாதுசேனனைக் கொன்று அரசைக் கைப்பற்றியபின் அரண்மனை அமைத்த குன்று அது என்ற கதையைப் பிள்ளைக்கு வழியிலேயே சொல்லிவிட்டால், மேலே போனதும் எதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கே தெரியும். கண்ணாடிச் சுவர் எனப்படும் பளபளப்பான பூச்சுச் சுவரைத் தொடவோ ஓவியங்களைப் படமெடுக்கவோ கூடாது. குன்றில் குளவிக்கூடுகள் உண்டு. காவலர் அமைதியாக நடக்கச் சொன்னால் பேச்சை நிறுத்திவிட வேண்டும், சில சமயம் பாதையை மூடியும் விடுவார்கள். நுழைவுக் கட்டணம் கடவுச்சீட்டைப் பார்த்தே தீர்மானிக்கப்படும். பெற்றோர் இங்கே பிறந்தவர் என்பதனால் வெளிநாட்டவர் கட்டணம் குறையாது, அது ஒருவருக்கு 30 டொலர் அல்லது அதற்கு மேல்.

முன் அனுமதி பெறாத வாகனம் துறைமுகத்துக்குள் வர முடியாது. உங்கள் இரண்டு வாகனங்களினதும் இலக்கங்களையும் சாரதிகளின் அடையாள அட்டை இலக்கங்களையும் கொடுத்து, அனுமதி கிடைக்குமா என்று வாகன நிறுவனத்திடம் இப்போதே கேளுங்கள். கிடைக்காவிட்டால் கப்பலின் சிறு பேருந்து வாயில் வரை கொண்டுவந்து விடும். அப்போது எந்த வாயில் என்பதைக் கப்பலிலிருந்து மச்சான் உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனெனில் கப்பல் எந்த இறங்குதுறையில் கட்டப்படுகிறது என்பதைப் பொறுத்து அது மாறும். மாமாவுக்கு நீண்ட தூரம் நடக்க நேராமல் சக்கர நாற்காலி ஒன்றைக் கப்பலில் முதல் நாளே எழுதி வைக்கச் சொல்லுங்கள். இறங்கும் வரிசையிலும் அதனால் முன்னுரிமை கிடைப்பதுண்டு.